ராதையின் சினம் தணிய 36 ஆண்டுகள்

1980களில் ஹைதராபாத்தில் இரண்டு பெண்கள் ஒரு பழைய தெலுங்குக் காவியத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஆங்கிலப் பேராசிரியர் சூசி தாரு. மற்றவர் பெண்கள் இயக்கத்தில் ஊறிய கே. லலிதா. இந்திய மொழிகளில் பெண்கள் எழுதியவற்றைத் திரட்டித் தொகுக்கும் பெரிய வேலையில் இறங்கியிருந்தார்கள். தேடிய நூலின் பெயர் 'ராதிகா சாந்த்வனமு'. எழுதியவர் முத்துப்பழனி, 18-ம் நூற்றாண்டுத் தஞ்சை அரசவையின் கணிகை. தெலுங்கு இலக்கியம் அறிந்தவர்களிடம் விசாரித்தபோது கிடைத்த பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: அது ஆபாசம், படிக்கத் தகுதியில்லாதது. இப்படிச் சொன்னவர்களில் பலர் அந்த நூலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பெண்கள் பிரச்னையில் அக்கறை உள்ளவர்களும் அதே தீர்ப்பைத்தான் திருப்பிச் சொன்னார்கள்.

பார்க்காத புத்தகத்தைப் பற்றி இத்தனை உறுதியான கருத்து எங்கிருந்து வந்தது? யாரோ எப்போதோ சொன்னது கைமாறிக் கைமாறி, கடைசியில் இலக்கிய ரசனை என்ற பெயரில் நிலைத்துவிட்டது. அந்தத் தீர்ப்பு எப்படி உருவானது, யார் அதை எழுதினார்கள், அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நோண்டிப் பார்ப்பதுதான் பெண்ணிய விமர்சனத்தின் முதல் வேலை. ஆனால் அதைப் பற்றி நிலவும் எண்ணமே வேறு. பழைய காவியங்களை இன்றைய அளவுகோலால் அளந்து, கம்பனுக்கும் காளிதாசனுக்கும் மதிப்பெண் குறைக்கும் காரியம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்பவர்களும் இல்லாமல் இல்லை. முத்துப்பழனியின் கதையில் நடந்தது அதற்கு நேர்மாறானது. மதிப்பெண் குறைத்தவர்கள் வேறு ஆட்கள்.

முத்துப்பழனி வாழ்ந்தது தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் காலத்தில் (1739-1763). அரசரின் தாய்மொழி மராத்தி, ஊரின் மொழி தமிழ், அவையின் காவிய மொழி தெலுங்கு. கவிஞரின் பெயரிலேயே பழனி இருக்கிறது. ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் பெயர்த்தவரும் அவரே. தஞ்சையில் பெண் எழுதுவது அப்போது புதினமும் இல்லை. அதற்கு நூறு ஆண்டுகள் முன்னால், நாயக்கர் காலத்தில், விஜயராகவ நாயக்கர் அவையில் ரங்காஜம்மா தெலுங்கில் நாடகம் எழுதினார். ரகுநாத நாயக்கர் வரலாற்றை ராமபத்ராம்பா சமஸ்கிருதத்தில் காவியமாக்கினார். 

முத்துப்பழனியின் காவியம் 584 பாடல்கள் கொண்டது. கதை பரிச்சயமான கிருஷ்ணன் கதைதான், ஆனால் கோணம் வேறு. இங்கே ராதை இளம்பெண் அல்ல. கிருஷ்ணனுக்கு அத்தை முறை, வாழ்க்கை தெரிந்தவள், அவன் காதலியும்கூட. இளா என்ற சிறுமியைத் தன் கையால் வளர்க்கிறாள். பெண் பருவமடைந்ததும் அவளைக் கிருஷ்ணனுக்கே கல்யாணம் செய்து வைக்கிறாள். முதலிரவுக்கு முன் மணப்பெண்ணுக்குப் புத்தி சொல்கிறாள். இவள் சின்னப்பெண், பதமாக நடந்துகொள் என்று கிருஷ்ணனுக்கும் சொல்கிறாள். எல்லாம் செய்து முடித்தபின்தான் அவளுக்கே தாங்கவில்லை. பிரிவும் பொறாமையும் வாட்ட, தன்னைக் கைவிட்டவன் மேல் சீறுகிறாள். கிருஷ்ணன் வந்து அவள் சினத்தைத் தணிக்கிறான். சாந்த்வனம் என்றால் ஆற்றித் தேற்றுதல். காவியத்தின் பெயர் அதிலிருந்து வந்தது.

இந்தக் காவியம் 1887-ல் ஒருமுறை அச்சேறியது. தெலுங்குக்குப் பெரும்பணி செய்த ஆங்கிலேயர் சி.பி. பிரவுனுடன் வேலை பார்த்த பைடிபாட்டி வெங்கடநரசு பதிப்பித்தார். அந்தப் பதிப்பில் சில பாடல்கள் இல்லை. காவியத்தின் முகப்புப் பகுதியும் இல்லை. இந்த இரண்டாவது இழப்பு கவனிக்க வேண்டியது. தெலுங்குக் காவிய மரபில் கவிஞர் முகப்பில் தன் வம்சம் சொல்வது வழக்கம்: தந்தை இன்னார், பாட்டனார் இன்னார், குரு இன்னார் என்று. முத்துப்பழனியும் அந்த மரபை விடவில்லை. ஆனால் அவர் சொன்ன இலக்கிய வம்சம் பாட்டி, அத்தை என்று பெண்கள் வழியாக வருகிறது. தன்னைப் போன்ற ஒரு பெண்ணுக்கு இத்தனை புகழ் வாய்த்ததுண்டா, பண்டிதர்களுக்குப் பரிசு கொடுத்தவள் உண்டா, காவியங்கள் காணிக்கையாகப் பெற்றவள் உண்டா என்று பெருமிதமும் பட்டுக்கொள்கிறார். காமம் என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது. இருந்தும் அது அச்சுக்குப் போகவில்லை. 

விடுபட்டதைக் கண்டுபிடித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மா (1878-1952). மைசூர் சமஸ்தானத்தில் தேவதாசிக் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் சங்கீத மேதையாகக் கொடிகட்டிப் பறந்தவர். சமஸ்கிருதமும் தெலுங்கும் முறையாகக் கற்றவர். தஞ்சைக் கால இலக்கியம் பற்றிய பழைய நூல் ஒன்றில் முத்துப்பழனியின் பெயரையும் பாடல்களையும் கண்டார். காவியத்தைத் தேடிப் பிடித்தார். மோசமான தாளில் மோசமாக அச்சிட்ட ஒரு பிரதி கிடைத்தது. ஏட்டுப் பிரதியோடு ஒப்பிட்டபோதுதான் வெட்டுகள் தெரிந்தன. மூலத்தை முழுமையாகச் சீர்செய்து, 1910-ல் சென்னையின் வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்த்ருலு அண்டு ஸன்ஸ் மூலம் வெளியிட்டார். ஒரு பெண் எழுதியது, அதுவும் தன் குலத்தில் பிறந்த பெண் எழுதியது, அதனால் இந்தப் பதிப்பு என்று முகவுரையில் மறைக்காமல் சொன்னார். பெண்ணிய விமர்சனம் என்ற சொற்றொடரை அவர் கேட்டிருக்க வழியில்லை. அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் செய்யத் தொடங்கிய வேலையை, வீணையும் தம்பூராவும் இருந்த வீட்டில் உட்கார்ந்து அவர் செய்து முடித்திருந்தார்.

அவர் மோத வேண்டியிருந்தது சாதாரண ஆளோடு அல்ல. கந்துகூரி வீரேசலிங்கம் (1848-1919) ஆந்திர மறுமலர்ச்சியின் தந்தை என்று கொண்டாடப்படுபவர். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தவர். 1881 டிசம்பரில், ஊரே எதிர்த்து நின்றபோது, ராஜமந்திரியில் முதல் விதவைத் திருமணத்தை நடத்திக் காட்டியவர். சாதிப் பிரஷ்டம் உள்பட எல்லாத் தொல்லைகளையும் தாங்கியவர். பெண்களுக்காக அவரளவு அடிபட்ட ஆண் அந்தத் தலைமுறையில் தெலுங்கு நாட்டில் இருந்தாரா என்பது சந்தேகமே. 

அதே வீரேசலிங்கம் தெலுங்குக் கவிஞர்களின் சரித்திரம் எழுதியபோது முத்துப்பழனியைச் சும்மா விடவில்லை. அவருடைய புலமையையும் இனிய நடையையும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் காவியத்தின் பல பகுதிகள் பெண்ணின் வாயிலிருந்து வருவது இருக்கட்டும், பெண்கள் காதில் விழவே தகாதவை என்கிறார். ஆசிரியையின் ஒழுக்கத்தையும் இழுத்து வைத்துப் பேசுகிறார். விதவையின் கண்ணீரைத் துடைக்க வந்த கையால் கணிகையின் எழுத்தைத் தள்ளிவைத்ததில் அவருக்கு எந்த முரணும் தெரிந்திருக்காது. அவருடைய சீர்திருத்தத்தில் பெண் என்றால் குடும்பப் பெண். காப்பாற்றப்பட வேண்டியவள், படித்து நல்ல மனைவியாக வேண்டியவள். தன் ஆசையைத் தானே காவியமாக்கும் பெண்ணுக்கு அந்தத் திட்டத்தில் நாற்காலி இல்லை. 

நாகரத்தினம்மா இதற்குப் பதில் சொன்னார். பதில் இரண்டு கேள்விகளாக இருந்தது. வெட்கமும் கூச்சமும் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண் கவிஞர்களுக்குக் கிடையாதா? ஆபாசம்தான் குற்றம் என்றால், வீரேசலிங்கம் தாமே ஒப்புதல் கொடுத்துப் பாடநூலாக்கிய 'வைஜயந்தி விலாசம்' நூலில் இருப்பவை என்ன?

'வைஜயந்தி விலாசம்' நூலின் கதை தமிழருக்கு நன்றாகத் தெரிந்தது. ஸ்ரீரங்கத்தில் பூக்கைங்கரியம் செய்த விப்ரநாராயணரை, பின்னாளில் தொண்டரடிப்பொடி ஆழ்வாராக வணங்கப்பட்டவரை, தேவதேவி என்ற தாசி மயக்கிய கதை. 17-ம் நூற்றாண்டில் சாரங்கு தம்மய்யா தெலுங்கில் காவியமாக்கினார். அதிலும் சிருங்காரம் உண்டு. ஆக, தாசியைப் பற்றி ஓர் ஆண் எழுதினால் மாணவர்கள் மனப்பாடம் செய்யலாம். தாசியே எழுதினால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். பாடல் வரிகள் இரண்டிலும் ஒரே ரகம்தான். வித்தியாசம் யார் கையெழுத்து என்பதில் இருந்தது. நாகரத்தினம்மா விரல் வைத்த இடம் இதுதான்.

பதிலுக்கு வந்தது வாதம் அல்ல, வசை. எழுதியவள் வேசி, பதிப்பித்தவளும் வேசி என்ற பொருளில் அன்றைய தெலுங்குப் பத்திரிகை ஒன்று எழுதியது. 1911-ல் சென்னை போலீஸ் கமிஷனர் கன்னிங்ஹாம் உத்தரவில் பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. வாவிள்ள நிறுவனம் வெளியிட்ட வேறு சில பழைய நூல்களும் சிக்கின. பண்டிதர்கள் கூடி அரசுக்கு மனு கொடுத்தார்கள். இப்படிப் போனால் செவ்விலக்கியம் முழுவதற்குமே ஆபத்து என்பது அவர்கள் கவலை. முத்துப்பழனிக்காக உருகினார்கள் என்று சொல்ல முடியாது. மனு பலிக்கவில்லை. தடை வந்தது.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஆபாச நூல்களுக்கென்று அன்று இருந்தது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292-வது பிரிவு. 1860-ம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் அதில் ஒரு விலக்கும் வைத்திருந்தார்கள்: கோயிலிலும் தேரிலும் உள்ள சிற்பம், ஓவியங்களுக்கு அது பொருந்தாது. கல்லில் இருந்தால் கலை என்பது வெள்ளைக்காரனுக்கும் புரிந்தது. அந்தக் கோயில் முன்னால் ஆடிய குலத்துப் பெண் ஏட்டில் எழுதியதற்கு அந்தச் சலுகை எட்டவில்லை. 

எது ஆபாசம் என்று தீர்மானிக்க நீதிமன்றங்கள் பிடித்துக்கொண்டது 1868-ல் இங்கிலாந்தில் வந்த ஹிக்லின் தீர்ப்பு. ஒரு நூல் எப்படிப்பட்டவர் கையில் விழக்கூடும், அப்படி விழுந்தால் சுலபமாகக் கெட்டுப்போகும் மனங்களைக் கெடுக்குமா என்று அது கேட்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 1964-ல் 'லேடி சாட்டர்லி' வழக்கிலும் இதையே கைக்கொண்டது. 2014-ல்தான் இதைக் கைவிட்டு, சமகாலச் சமூக அளவுகோலுக்கு மாறியது. தண்டனைச் சட்டமே 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆபாசப் பிரிவு வேறு எண்ணில் தொடர்கிறது.

விமர்சனக் கோட்பாட்டாளர்கள் போலவே சட்டமும் ஒரு வாசகரைக் கற்பனை செய்துகொள்கிறது என்பது இதில் சுவாரஸ்யம். அந்தக் கற்பனை வாசகர் படித்ததும் கெட்டுப்போகக் காத்திருக்கும் இளைஞர், அல்லது காதில் விழுந்தாலே களங்கப்படும் குலமகள். படித்து, ரசித்து, யோசித்து, இது நன்றாக இருக்கிறது, இது நம்மவள் எழுதியது என்று சொல்லக்கூடிய ஒரு பெண் வாசகி இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒரு வாசகி சென்னையில் இருந்தார், அவர்தான் பதிப்பாசிரியர். 1978-ல் அமெரிக்காவில் ஜூடித் ஃபெட்டர்லி 'எதிர்த்து நிற்கும் வாசகி' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். அமெரிக்கச் செவ்விலக்கியம் பெண்ணையும் ஆணாக நின்று படிக்கப் பழக்குகிறது, தனக்கு எதிரான கதையிலேயே தன்னைச் சேர்த்துக்கொள்ள வைக்கிறது, அதற்கு இணங்காமல் படிக்கப் பெண் கற்க வேண்டும் என்பது அவர் வாதம். ஹாதார்னையும் ஹெமிங்வேயையும் வைத்து அவர் சொன்னதை விளக்க, தெலுங்கிலிருந்து நாகரத்தினம்மாவின் முகவுரையே போதும்.

தடை நீங்கியது 1947-ல். சென்னை மாகாணப் பிரதமராக இருந்த தங்குதூரி பிரகாசத்தின் முயற்சியில் நீங்கியது. முழுப்பதிப்பு 1952-ல் மறுபடி வெளிவந்தது. நாகரத்தினம்மா காலமானதும் அதே ஆண்டுதான். 1947-க்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்ததும் அந்த ஆண்டே. முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் தொடங்கிவைத்த முயற்சியின் முடிவு அது. கவிதைக்கு விடுதலை கிடைத்த சமயத்தில், அந்தக் கவிதையை எழுதிய குலத்தின் வாழ்முறை சட்டவிரோதமாயிற்று. இரண்டும் நல்லதற்கே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். சட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்த தேவதாசிகளில் நாகரத்தினம்மாவும் ஒருவர் என்பதை மறந்தால்தான் அது முடியும்.

சூசி தாருவும் லலிதாவும் தொகுத்த 'இந்தியாவில் பெண்கள் எழுத்து' ஆங்கிலத்தில் இரண்டு பாகங்களாக 1991-லும் 1993-லும் வந்தது. கி.மு. 600-லிருந்து இன்றுவரை, பதினோரு மொழிகள். முன்னுரையே முத்துப்பழனி, நாகரத்தினம்மா கதையோடுதான் தொடங்குகிறது. அதற்குமுன் பெண்ணிய விமர்சனம் மேற்கில் இருபது வருடம் நடந்துவிட்டிருந்தது. 1970-ல் கேட் மில்லட், லாரன்ஸ், ஹென்றி மில்லர், நார்மன் மெய்லர் ஆகியோரின் நாவல்களில் படுக்கையறைக் காட்சிகளை அரசியலாகப் படித்துக் காட்டி அதிரவைத்தார். 1977-ல் எலெய்ன் ஷோவால்டர் ஆண் எழுத்தாளர்களைத் திட்டியது போதும், பெண்கள் எழுதியவற்றைத் தேடிப் படிப்போம் என்று திசைமாற்றினார். 1979-ல் கில்பர்ட், குபார் இருவரும் 'ஜேன் அயர்' நாவலில் மாடியறையில் பூட்டிவைக்கப்பட்ட பைத்தியக்காரியை, நாயகியின் அடக்கப்பட்ட கோபமாகவே வாசித்தார்கள்.

அந்த வாசிப்பு புகழ்பெற்றது. ஆனால் பூட்டப்பட்ட பெர்த்தா ஜமைக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவள். வெள்ளைக்காரப் பெண்ணின் ஆத்ம விடுதலைக்கு ஒரு காலனியப் பெண் தீயில் விழ வேண்டியிருக்கிறதே, அது என்ன கணக்கு என்று 1985-ல் காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக் கேட்டார். தாருவும் லலிதாவும் இந்த வரிசையில் வந்தவர்கள். ஷோவால்டரிடம் பாடம் படித்தவர்கள்தான், ஆனால் அங்கேயே நிற்கவில்லை. 'பெண் அனுபவம்' என்று ஒன்று எல்லா நாட்டுக்கும் எல்லா சாதிக்கும் பொதுவாக இருக்கிறது, தொலைந்த நூல்களைக் கண்டெடுத்தால் அது கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையை அவர்கள் ஏற்கவில்லை. முத்துப்பழனி தொலைந்துபோகவில்லை, தொலைக்கப்பட்டார். அதைச் செய்தவை காலனிய சர்க்காரும் சீர்திருத்தமும் தேசியமும் சேர்ந்து உருவாக்கிய புதிய நடுத்தர வர்க்க ஒழுக்கமும்தான். 18-ம் நூற்றாண்டு அரசவை அவரைப் போற்றியது. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்ததாகச் சொல்லப்படும் 19-ம் நூற்றாண்டுதான் முகம் சுளித்தது. பெண்களுக்கு எல்லாம் மேலும் மேலும் நன்றாகிக்கொண்டே வந்தது என்ற பள்ளிக்கூடச் சரித்திரத்துக்கு இது ஒரு சங்கடம்.

சரி, இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காவியத்தைப் படித்தால் புதிதாக என்ன தெரிகிறது? சிருங்கார இலக்கியத்தில் பெண் குரலுக்குப் பஞ்சமில்லை. 17-ம் நூற்றாண்டு க்ஷேத்ரய்யாவின் பதங்களில் பேசுவது பெரும்பாலும் பெண்தான். விலை பேசுகிறாள், ஊடுகிறாள், எள்ளி நகையாடுகிறாள். ஆனால் எழுதியது ஆண். பாடி ஆடியது தேவதாசி. ரசித்தது அவையின் ஆண்கள். நாயகி பேசினாலும் அவள் எதற்காக ஏங்க வேண்டும், எப்போது இளக வேண்டும் என்பதை நாயகன் பக்கத்திலிருந்து ஒருவர் தீர்மானிக்கிறார். 

முத்துப்பழனியிடம் இந்த ஏற்பாடு கொஞ்சம் நகர்கிறது. முதல் அடி எடுத்து வைப்பவள் ராதை. காவியம் முடிய வேண்டுமென்றால் திருப்தி அடைய வேண்டியவளும் அவளே. கண்ணனுக்குக் கிடைத்தது போதுமா என்பது அங்கே கேள்வியே இல்லை. இன்னொன்று, அவளுடைய வயது. காவிய நாயகிகளுக்குப் பதினாறு வயதுக்குமேல் ஆவது அபூர்வம். இங்கே ஒரு முதிர்ந்த பெண், தான் வளர்த்த பெண்ணையே போட்டியாகப் பார்த்துக் குமைகிறாள், அதற்காக வெட்கப்படுகிறாள், ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. தாயின் பெருந்தன்மையும் காதலியின் பொறாமையும் ஒரே மனதில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதை, நாயகி வகைகளை எண்ணி அட்டவணை போட்ட அலங்கார சாஸ்திரம் எங்கே வைக்கும்? ஆபாசம் தேடிப் படித்தவர்கள் கண்ணில் இது படவில்லை. அவர்கள் பெரும்பாலும் இளாவின் முதலிரவோடு நின்றுவிட்டார்கள்.

அந்த முதலிரவைத் தாண்டிப் போகவும் கூடாது. இன்றைய வாசகருக்கு அங்கே நெருடுகிறது, நெருட வேண்டும். பருவமடைந்த சிறுமியை வர்ணித்து, ஒப்படைத்து, அவள் என்ன நினைத்தாள் என்று அதிகம் கேட்காமல் நகர்கிற காவியம் இது. அக்கால வழக்கம் என்று சமாதானம் சொல்லலாம். காவிய மரபில் அது பிழையும் இல்லை. ஆனால் வீரேசலிங்கத்தின் பாதி மௌனத்தைப் பிடித்துக் கேள்வி கேட்ட அதே வாசிப்பு, முத்துப்பழனியின் பாதி மௌனத்தைச் சும்மா விட்டால் அது கட்சி கட்டுவதாகிவிடும். ராதையின் ஆசைக்குக் குரல் கிடைக்கிறது, இளாவுக்கு அறிவுரை கிடைக்கிறது. ராதைக்காக வாதாடிய பெண்ணிய விமர்சகர்கள் பலர் இளாவின் பக்கம் திரும்பவே இல்லை என்பதும் குறிப்பிட வேண்டிய குறை. 

அரசவையும் அப்படித்தான். பிரதாபசிம்மரின் அவையில் முத்துப்பழனி சுதந்திரப் பெண்ணாக உலவினார் என்று கற்பனை செய்ய ஆசையாக இருக்கும். சொத்து இருந்தது, கல்வி இருந்தது, கவிஞர்களுக்கே பரிசு கொடுக்கும் நிலை இருந்தது. அன்றைய குலப்பெண்களில் எத்தனை பேருக்கு எழுத்தறிவு இருந்தது என்று பார்த்தால் இது பெரிய விஷயம். ஆனால் அந்த வாழ்வு மன்னரின் தயவில் நின்றது. சந்தோஷப்பட வேண்டியவர் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் ஆசை பற்றிய கவிதை, ஆணின் பொழுதுபோக்குக்கும் உதவியிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். டவேஷ் சொனேஜி 2012-ல் வெளியிட்ட தேவதாசிகள் பற்றிய ஆய்வு, அந்தப் பெண்களை 'சுதந்திரக் கலைஞர்கள்' என்று பொன்முலாம் பூசுவதையும், 'பரிதாப ஜீவன்கள்' என்று துடைத்தெறிவதையும் ஒருசேர எச்சரிக்கிறது. அவர்கள் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்டு எழுதியதால் அந்த எச்சரிக்கைக்கு எடை உண்டு.

வெட்டுவதும் ஒதுக்குவதும் தெலுங்கின் தனிச்சொத்து அல்ல. முத்துப்பழனி மொழிபெயர்த்த திருப்பாவையையே பார்க்கலாம். 30 பாடல்களும் மார்கழி முழுக்கக் கோயில்தோறும் ஒலிக்கின்றன. திருப்பதியில் அந்த மாதம் சுப்ரபாதமே அதற்கு வழிவிடுகிறது. அதே ஆண்டாள் எழுதிய நாச்சியார் திருமொழியில் 143 பாடல்கள். அதில் கல்யாணக் கனவைச் சொல்லும் பகுதி திருமண வீடுகளில் பாடப்படுகிறது. உடம்பின் தாபத்தை ஒளிக்காமல் சொல்லும் மற்ற பாடல்களைப் பொதுவில் கேட்பது அரிது. யாரும் தடை போடவில்லை, போலீஸ் வரவில்லை. கல்யாணத்தில் முடிகிற ஆசையைப் பாடலாம், மற்றது ஏட்டிலேயே இருக்கட்டும் என்று தலைமுறை தலைமுறையாக ஓர் ஒப்பந்தம். பக்தி என்ற போர்வை ஆண்டாளைக் காப்பாற்றியது. முத்துப்பழனிக்கு அந்தப் போர்வை இல்லை, இத்தனைக்கும் அவருடைய நாயகனும் கிருஷ்ணன்தான்.

2011-ல் 'ராதிகா சாந்த்வனமு' சந்தியா முல்சந்தானியின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் பெங்குயின் வெளியீடாக வந்தது. இப்போது அதைப் படிக்க யாருடைய சிபாரிசும் தேவையில்லை.

நாகரத்தினம்மாவுக்குத் திருவையாற்றில் சமாதி இருக்கிறது, தியாகராஜர் சன்னிதியைப் பார்த்தபடி. அந்தச் சன்னிதியைத் தன் நகையும் பணமும் போட்டு 1920களில் கட்டியவர் அவர். ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று ஆண் வித்வான்கள் ஒதுக்கியபோது, பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தியவரும் அவர்தான். ஒவ்வொரு ஜனவரியிலும் காவிரிக்கரையில் கூடிப் பஞ்சரத்தினம் பாடும் கூட்டத்தில் பெண்கள் சரிபாதிக்குக் குறையாமல் இருக்கிறார்கள். அங்கிருந்து தஞ்சை அரண்மனை பேருந்தில் அரைமணி, முக்கால் மணி நேரம்.